குலுக்காத பால்

எங்கள் நிலையத்தில் உலையை நிறுத்த மூன்றே காரணங்கள்தான் உண்டு. தீப்பிடித்தால் நிற்கும். காற்றழுத்தம் இறங்கினால் நிற்கும். பாலின் எண் ஐந்நூறைத் தாண்டினால் நிற்கும். ஆள் விழுந்தால் நிற்காது. அது பட்டியலில் இல்லை.

சண்முகக்கனி விழுந்த அன்றைக்கும் நிற்கவில்லை.

விழுந்தான் என்பதுகூடச் சரியில்லை. பூமிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் மேலே யாரும் விழ முடியாது. இரண்டாம் உலையின் முன்னால் மிதந்தபடி கண்ணாடி இழையைச் சுற்றிக்கொண்டிருந்தவன், கையை எடுத்தான், அப்படியே நின்றுவிட்டான். தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. உடம்பு திரும்பி உலைக் கதவுப் பக்கம் போனது. நான் பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் என் வலது உள்ளங்கை கதவில் பதிந்தது. தோல் அங்கேயே தங்கிவிட்டது.

அன்றைக்குத் தொழிலாளர் கூடத்தில் நாற்பத்தொரு டிகிரி.

என் பெயர் சூசை. தூத்துக்குடியில் பதினெட்டு வருடம் கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கிப் பெயிண்ட் அடித்தவன். இருட்டு, நாற்றம், சூடு எல்லாம் பழக்கம் என்பதால்தான் கான்டிராக்டர் என்னை இங்கே அனுப்பினான். இங்கே பால் லைனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாட்டுப் பால் இல்லை. தண்ணீரில் அலுமினிய ஆக்சைடு பொடியைக் கலந்த குளிர்விப்பான். கம்பெனிக் காகிதத்தில் நானோ திரவம் என்று போட்டிருக்கும். வெள்ளையாக இருப்பதால் எங்களுக்குப் பால். எட்டு உலைகளின் சூட்டையும், முப்பத்து நான்கு பேரின் உடம்புச் சூட்டையும் அள்ளிக்கொண்டு போய், நிலையத்துக்கு வெளியே விரிந்திருக்கும் இறக்கைகளில் கொட்ட வேண்டியது அது.

இறக்கையில் ஆறிய பால் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பிறகு உலைகளுக்கு. கடைசியாக நாங்கள் தூங்கும் கூடத்துக்கு. உலையைத் தொட்டுவிட்டு வரும் பால் எங்களை எப்படிக் குளிர்விக்கும் என்று வரைபடம் போட்டவன் யோசித்திருப்பான். யோசித்துவிட்டுத்தான் வரைந்திருப்பான்.

வந்த மாதம் கூடத்தில் முப்பது டிகிரி. ஆறாம் மாதம் முப்பத்தாறு. இப்போது பதினொன்றாம் மாதம். நான் எழுதிக் கொடுத்த புகார் இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: குளிர்விப்பானின் தரம் திருப்திகரமாக உள்ளது.

கனியைக் கட்டுப்பாட்டு அறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்த்துப் பட்டையால் கட்டினோம். நிலையத்தில் இருபத்தாறு டிகிரி இருக்கும் ஒரே இடம் அது. படுக்கை கிடையாது, மூன்று நாற்காலி. நான்காவது ஆளுக்கு அங்கே இடமில்லை. வெப்பப் பொறியாளர் வைதேகி தன் நாற்காலியை விட்டு விலகி வந்து, நனைத்த துணியை அவன் கழுத்தில் வைத்தார். கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"கனி, நான் யாருலே?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தான். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"இவனக் கீழ கொண்டுபோற கப்பல் எப்ப மேடம் வரும்?"

"ஒன்பது நாளாகுங்கண்ணா."

"அதுவரைக்கும் உலைய நிறுத்துங்க."

"எதைக் காட்டி நிறுத்தட்டுங்க? பொடி சைஸ் நம்பரப் பாருங்க. நேத்து அறுபத்தி ரெண்டு, இன்னிக்கு அறுபத்தி மூணு. நூறுக்குள்ள இருந்தாப் பொடி அத்தனையும் தனித்தனியா இருக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொண்ணும் முடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு. பால் நல்லாத்தான் இருக்குதுங்க."

"பால் நல்லாருக்கு. ஆளு நல்லால்ல."

கூட வந்திருந்த பேச்சித்தாய் கதவோரம் மிதந்துகொண்டிருந்தாள். மூன்றாம் உலைக்காரி. வாய் சும்மா இருக்காது.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. வெளிய எலும்பு ஒறையற குளிருன்னு சொல்லுதாக. உள்ள நாங்க வேகுதோம். நடுவுல ஒரு சாண் தகரம். இதுக்கு எட்டு உலையும் ஒரு என்ஜினியரும் வேணுமாக்கும்?"

வைதேகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "குளிர் இருக்குதுங்க்கா. ஆனா சூட்டை எடுத்துட்டுப் போக அங்க காத்து இல்லை. பிளாஸ்க்ல டீ ஏன் ஆற மாட்டேங்குது? சுத்தி வெற்றிடம். நாம ஒரு பிளாஸ்க்குக்குள்ள இருக்கறோம். சூடு வெளிய போறதுக்கு ஒரே வழி அந்த எறக்கைங்கதான். அடுப்பு அனல் வீசற மாதிரி அது வீசித் தள்ளோணும்."

"அப்ப டீ நாங்கதானா?"

"அந்த எறக்கை மொதல்ல ஆறுன்னு கேள்விப்பட்டேன்" என்றேன் நான். "இப்ப நாலுதான இருக்கு?"

"வெறும் தண்ணின்னா ஆறு வேணுங்க. பால் சூட்டை அதிகமா அள்ளிட்டுப் போய்க் கொட்டுது. எறக்கை நல்லாச் சூடாகும். சூடா இருந்தா நிறைய வீசும். அதனால நாலு போதும்னு ரெண்டைக் கழிச்சாங்க. ராக்கெட்டுல அவ்வளவு எடை மிச்சம்."

"பால் கெட்டுப்போச்சுன்னா?"

"கெடலீங்களே."

"தெரண்டுருக்கும் மேடம். பெயிண்ட் டப்பா அடியில கட்டுமே, அந்த மாதிரி."

"அடின்னு ஒண்ணு இங்க இல்லீங்கண்ணா. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. வண்டல் எங்க போய்ப் படியும்?"

"படியாது. ஒட்டும். உலைக்குப் பின்னால முடி முடியாக் குழாய் ஓடுதே, அதுல போயி ஒட்டும்."

அவர் கனியின் துணியை மாற்றினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "தெரண்டிருந்தா நம்பர் ஆயிரக்கணக்குல காட்டோணும். சாம்பிள் எடுக்கறது நீங்க. வெக்கறது நீங்க. பதிவுல இருக்கற கட்டைவிரல் உங்களுது. உங்க நம்பரை நீங்களே நம்பலைன்னா நான் எதைங்க நம்பட்டும்?"

பதினொரு மாதமாக என் புகாரை என் கட்டைவிரலே அடித்துப்போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பேச்சி தன் துண்டை எடுத்து முகம் துடைத்தாள். இங்கே வேர்வை வடியாது. தோலின் மேல் தண்ணீர்ப் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். துண்டால் வழித்து எடுத்தால்தான் போகும். எல்லோருடைய இடுப்பிலும் பிழிந்தால் சொட்டும் துண்டு ஒன்று செருகியிருக்கும்.

பேச்சியின் துண்டு காய்ந்திருந்தது.

"எப்பத்துலேர்ந்து?" என்றேன்.

"எது?"

"வேர்வ."

"நேத்துலேர்ந்து நின்னுட்டு. நல்லதுதான். தொடைக்கிற வேல மிச்சம்."

கனிக்கும் இரண்டு நாளைக்கு முன்னால் வேர்வை நின்றது. அவனும் நல்லது என்றுதான் சொன்னான். நான் இதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும், அவனுக்கு அடுத்த உலையில் நிற்பவள் அவள்தான்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. மாதிரி எடுக்கும் நேரம். பால் லைன் சுவரில் ஒரு சின்ன வால்வு. அதில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பையைச் செருகித் திறந்தால் பால் நிறையும். பையைச் சோதனைக் கருவிக்குள் வைத்தால் ஒளியைப் பாய்ச்சிப் பொடியின் சராசரி அளவைச் சொல்லும். நான் கட்டைவிரலை வைத்தால் பதிவாகும். வைக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் அழிந்துவிடும். ஆறு மணிக்குள் ஒரு பதிவு இருந்தாக வேண்டும்.

வலது கை முழுக்கக் கட்டு. கட்டைவிரல் மட்டும் வெளியே. பையைப் பிடிக்க முடியவில்லை. ஷிப்ட் முடித்து வந்த பேச்சியைக் கூப்பிட்டேன்.

"இந்தா, இதப் பிடிச்சு அந்த ஓட்டைக்குள்ள வையி."

"இதுக்குத்தான் உமக்குத் தனி ஆளா? இத என் வீட்டு எருமகூடச் செய்யும்."

வாங்கினாள். செருகினாள். திரையில் எண் வந்தது.

2,940.

"கருவி போச்சு" என்றேன். "எடு, இன்னொண்ணு வைப்போம்."

இரண்டாவது பையை நான் இடது கையில் வாங்கி நானே வைத்தேன். 64.

"இந்தா சரியாய்ட்டு."

"ஒரே லைனு, ஒரே பாலு" என்றாள் பேச்சி. "எனக்கு ஒண்ணு காட்டுது, உமக்கு ஒண்ணு காட்டுதா? அதுலயும் அது ஆளு பாக்குதா?" மூன்றாவது பையைப் பிடுங்கி அவளே வைத்தாள்.

3,010.

நான்காவது. நான் வாங்கினேன். செருகப் போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி. அத எதுக்கு ஆட்டுதீங்க?"

"எத?"

"பைய. தொடையில வச்சு உருட்டி உருட்டிக் குலுக்குதீங்களே. முன்னயும் குலுக்கினீங்க."

என் கையைப் பார்த்தேன். அது இன்னும் குலுக்கிக்கொண்டுதான் இருந்தது.

பெயிண்ட் வேலைக்குப் போன முதல் வருடம், கலக்காத டப்பாவைத் திறந்து ஒரு தொட்டி முழுக்க அடித்துவிட்டேன். மேலே தெளிந்து நின்ற எண்ணெய் மட்டும்தான் சுவரில் ஏறியது. மறுவாரம் மொத்தமும் உரிந்தது. மேஸ்திரி அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அன்றிலிருந்து எதையும் குலுக்காமல் திறந்ததில்லை. இருமல் மருந்தைக்கூட. இருபது தடவை. எண்ணுவதுகூட இல்லை, கைக்கே தெரியும்.

இங்கே யாரும் என்னைக் குலுக்கச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த முறையில் மூன்றே வரி: எடு, செருகு, பதிவு செய். நான்தான் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். லைனுக்குள் தயிர் மாதிரித் திரண்டு கிடந்ததைத் தினமும் இரண்டு மணிக்கு உடைத்துப் பொடியாக்கி, பால் நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரல் வைத்திருக்கிறேன். முந்நூற்றுச் சொச்சம் நாள். இருபத்து மூன்று புகார் எழுதியதும் நான்தான். இருபத்து மூன்றையும் பொய்யாக்கியதும் நான்தான்.

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்றால், எடை இல்லாத இடத்தில் அதுகூட வலிக்கும்படி முட்டாது.

"இப்ப ஒண்ண வச்சு அமுக்கிருங்க" என்றாள் பேச்சி. "மூவாயிரம் பதிவான ஒடனே உலை நிக்கும்லா?"

"மேடம்கிட்ட மொதல்ல சொல்லிருவோம்."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ள என் நம்பர நம்பித்தான் இத்தன நாளா எழுதிக் குடுத்துருக்கு. தெரியாம நிறுத்தினா அதும் தலையிலதான் விழும்."

"உம்ம தலையில விழாதாக்கும்?"

விழும் என்று தெரியும். இருந்தாலும் மிஷினைவிட மனுஷன் மேல் என்று நினைத்தேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு.

வைதேகி முழுவதும் கேட்டார். நான் முடித்ததும் நாற்காலிப் பட்டையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நீங்க மட்டும் இல்லீங்கண்ணா."

"என்னது?"

"கீழ லேப்ல இந்தப் பாலை நாலாயிரம் மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். அந்த ரிப்போர்ட்டை வெச்சுத்தான் ரெண்டு எறக்கையைக் கழிச்சாங்க. சாம்பிள் வெச்சது நானு. லேப்ல எதை வெச்சாலும் மொதல்ல அதிர்வு மிஷின்ல ரெண்டு நிமிசம் போடுவோம். எல்லா லேப்லயும் அப்படித்தான். பாடத்துலயே அப்படித்தான். அதை ஒரு வேலைன்னே நான் நெனச்சதில்லை. ரிப்போர்ட்டுலகூட எழுதலீங்க."

கனி சுவரில் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

"அப்ப இந்த நெலையமே தப்புக் கணக்குலதான்..." என்று பேச்சி ஆரம்பித்தாள்.

"ஆமாங்க்கா."

வைதேகி மறைத்திருக்கலாம். என் ஒருவன் தலையில் கட்டியிருக்கலாம். பெயிண்டர்தானே, படிக்காதவன், குலுக்கிவிட்டான் என்று ஒரு வரி போதும். அவர் அதைச் செய்யவில்லை. எங்கள் முன்னாலேயே பூமியில் இருக்கும் கீழ் ஆபீஸுக்கு எழுதினார். குலுக்கினால் அறுபத்து நான்கு, குலுக்காவிட்டால் மூவாயிரம். இங்கே கையால் இருபது முறை, அங்கே மிஷினால் இரண்டு நிமிடம். ஒருவர் கவலைக்கிடம், இன்னொருவருக்கு வேர்வை நின்றுவிட்டது. உலைகளை நிறுத்த அனுமதி வேண்டும். கழுவிச் சுத்தம் செய்ய நான்கு நாள் வேண்டும்.

என் இருபத்து மூன்று புகாருக்குப் பதில் வர மாதக்கணக்கானது. இதற்கு நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டது.

வைதேகி படித்தார். மறுபடி படித்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

மாதிரிச் சோதனையில் ஆளுக்கு ஆள் வேறுபாடு ஏற்படுவது கவனத்துக்கு வந்துள்ளது. ஒரே சீரான முடிவு கிடைக்கும் பொருட்டு முறை திருத்தப்படுகிறது. எடு. இருபது முறை குலுக்கு. செருகு. பதிவு செய்.

உலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கடைசியில் இருந்தது.

பேச்சி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "என்ன அண்ணாச்சி இது? உங்க கைப்பழக்கத்தச் சட்டமாக்கிட்டானுவ!"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. மேஸ்திரியின் அறை ஞாபகம் வந்தது. அவராவது பெயிண்ட் உரிந்ததற்கு அடித்தார்.

"எனக்கு அதிகாரம் இல்லீங்கண்ணா" என்றார் வைதேகி. "மூணு காரணத்துல ஒண்ணு இருந்தாத்தான் உலை நிக்கும். நானே சுவிட்சைத் தட்டுனாலும் கீழ இருந்து மறுபடி போட்டுருவாங்க. பதிவு வந்து நின்னா மட்டும்தான் அவங்களால போட முடியாது."

"சரி மேடம்" என்று திரும்பினேன்.

"சூசையண்ணா."

நின்றேன்.

"அடியில தேதி போட்டிருக்குது. படிச்சீங்களா?"

படித்தேன். திருத்தப்பட்ட முறை நாளைக் காலை ஆறு மணி முதல் நடைமுறைக்கு வரும்.

"இன்னிக்குப் பதிவு இன்னும் ஆகலீங்க. மணி நாலுதான் ஆகுது." அவர் கனியின் பக்கம் திரும்பிக்கொண்டு துணியை நனைக்க ஆரம்பித்தார். "பழைய முறையில மூணு வரிதான். அதுல இருக்கறபடி செஞ்சீங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்பது பொய். மூவருக்கும் தெரியும். முந்நூறு நாள் பொய்ப் பதிவு வைத்தவன் என்று என்னைத்தான் முதலில் இறக்குவார்கள். அடுத்து அவரை.

வால்வுக்குப் போகும் வழியில் பேச்சி இரண்டு தடவை கைப்பிடியைத் தவறவிட்டாள். பன்னிரண்டு வருடம் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தவள். சாரத்தில் ஒருநாளும் கால் தவறியதில்லை என்று பீற்றிக்கொள்வாள்.

"கண்ணு கட்டுதா?"

"லேசா."

பையை வால்வில் செருகினாள். நிறைந்தது. "நீங்களே வைங்க" என்று என் இடது கையில் கொடுத்தாள். "வச்சவன் கையும் பதிஞ்சவன் வெரலும் ஒண்ணா இருக்கட்டும். நாளைக்கு ஆயிரம் கேப்பானுவ."

வாங்கினேன். கை தொடைப் பக்கம் போனது. நான் போகச் சொல்லவில்லை, அதுவாகவே போனது. பதினெட்டு வருடத்துக் கை. பேச்சி என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அவள் உள்ளங்கை அடுப்புக் கல் மாதிரி காய்ந்து, சுட்டுக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன், அவள் விடவில்லை. அப்படியே இரண்டு பேருமாகப் பையைக் கருவிக்குள் வைத்தோம்.

3,120.

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலை வைத்தேன்.

முதல் உலை நின்றது. இரண்டாவது. மூன்றாவது. பதினொரு மாதமாகக் காதுக்குள் இருந்த இரைச்சல் ஒவ்வொன்றாகக் கழன்றது. எட்டாவதும் நின்றபோது, கூடத்தில் யாரோ இருமியது இங்கே கேட்டது.

ஐந்தாவது நிமிடம் கீழ் ஆபீஸ் அழைத்தது. ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"யார் சாம்பிளக் குலுக்காம வெச்சது?"

கனி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

"பழைய முறைப்படிதான் வெச்சிருக்குதுங்க சார்" என்றது வைதேகியின் குரல். "வரி வரியாப் பாத்துக்கலாம்."

அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் இதே பாலோடு, நான்கு இறக்கையோடு, இன்னும் இரண்டு நிலையங்கள் ஏறத் தயாராக நிற்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்கு அவற்றின் முறைப் புத்தகத்திலும் அந்த வரி ஏறிவிடும். அங்கே போகிறவன் பெயிண்ட் டப்பாவையே பார்க்காதவனாக இருக்கலாம். பரவாயில்லை. இருபது முறை குலுக்குவான். என் கையால் குலுக்குவான்.

பேச்சியைக் கட்டுப்பாட்டு அறை வாசலில் பட்டையால் கட்டி, மணிக்கு ஒரு தடவை உப்புக் கலந்த தண்ணீர் கொடுத்தேன். பேசவில்லை அவள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூடத்தில் நாற்பது ஆனது. முப்பத்தொன்பது ஆனது. எட்டு மணி வாக்கில் முப்பத்தேழு. ஒலிபெருக்கி இன்னும் ஓயவில்லை. இப்போது என் தகப்பன் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சி துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றினாள். விரித்துப் பார்த்தாள். என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம்.

"தொடைக்கிற வேல வந்துட்டு அண்ணாச்சி" என்றாள்.